லண்டன் எழும்பும்வரைக்கும்

ஆடி மாதம் பிறந்தால் எனக்குக் கோபமும் கூடவே பிறந்துவிடும். காற்று ஒரு காரணம். சோளகம் ஓயாமல் அடிக்கும். அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண் எல்லாம் எழும்பி வந்து குசினிக்குள் குந்திக்கொள்ளும். காலையில் கழுவிக் கவிழ்த்த சட்டியை மத்தியானம் மறுபடி கழுவ வேண்டும். ஆனால் காற்றோடு யார் சண்டை பிடிப்பது? என்னுடைய சண்டை மனிதர்களோடுதான்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். கணவர் போய், பிள்ளைகளும் தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, எனக்கு ஒருத்திக்காக ஒரு சுண்டு அரிசி அடுப்பில் வைப்பது அலுத்துப்போய் இங்கே வந்தேன். இல்லத்தின் பெயர் வேண்டாம். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே நீளமான கட்டடம், முன்னால் விறாந்தை, பின்னால் கிணறும் என் குசினியும். இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். மீதிப் பாதிக்குப் பிள்ளைகளே இல்லை. இரண்டு பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் பார்த்தால் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஆடியைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் கூழைப் பற்றி எழுதுவார்கள். நானும் அங்கேதான் தொடங்க வேண்டும். மாதம் பிறக்கிற அன்று பச்சை அரிசிமா, வறுத்த பயறு, பல்லுப் பல்லாய் நறுக்கிய தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துக் கூழ் காய்ச்சுவோம். பயறும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை அவிப்போம். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினால் அதுதான் கரண்டி. இந்தக் கூழ் ஒருவருடைய நினைவுக்கும் இல்லை. மாதம் பிறந்திருக்கிறது, நாங்களும் இருக்கிறோம், குடிக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால்தானோ என்னவோ, ஆடிப்பிறப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரும் சாப்பாடு பொறுப்பெடுப்பதில்லை. அது உயிரோடு இருக்கிறவர்களின் நாள். இருக்கிற அரிசியை இடித்து, இருக்கிற தேங்காயைத் துருவி நானே சமாளித்துக்கொள்வேன். ஆனால் அதே மாதத்தில் ஆடி அமாவாசை வரும். அது செத்துப்போன தகப்பன்மாருக்கான நாள். அன்றைக்குத்தான் பாருங்கள், எங்கள் இல்லத்துப் போன் ஓயாது. காலைச் சாப்பாடு ஒரு குடும்பம், மத்தியானம் ஒரு குடும்பம், இரவு ஒரு குடும்பம். இடம் கிடைக்காதவர்கள் மனத்தாங்கலோடு போனை வைப்பார்கள்.

தகப்பனை நினைத்து நாலு பேருக்குச் சோறு போடுவது நல்ல காரியம். அந்தச் சாமான்களில்தான் எங்கள் அடுப்பும் எரிகிறது, நான் அதை மறுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அதைச் செய்கிற விதத்தில். முதலில் அச்சடித்த பனர் வரும். நடுவில் செத்தவருடைய படம், கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள், எந்தெந்த நாடு என்பதும். அதைச் சுவரில் கட்டி, முன்னால் குத்துவிளக்கு வைத்து, எங்கள் கிழடுகளை இரண்டு வரிசையில் இருத்தி, இலையில் எல்லாம் படைத்த பிறகு, சாப்பிடக் கூடாது. வீடியோ கோல் வர வேண்டும். அந்தப் பக்கத்துக் குடும்பம் பார்க்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். அது முகநூலில் ஏற வேண்டும். அதன் பிறகுதான் கையை இலையில் வைக்கலாம்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. ஆடி அமாவாசை என்றால் தகப்பன் இல்லாதவர்கள் விரதம். எங்கள் இல்லத்தில் இருக்கிற எல்லாருக்கும் தகப்பன் இல்லை, இருக்கிற வயதா? ஆகவே பாதிக்கு மேல் ஆட்கள் காலையில் வெறும் தேத்தண்ணியோடு இருப்பார்கள். காலைச் சாப்பாட்டை ஒரு குடும்பம் அனுப்பினாலும் அதைத் தொட மாட்டார்கள். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களும் சொன்னால் கேட்க மாட்டார்கள். மத்தியானம்தான் முதல் கவளம். இங்கே மத்தியானம் என்றால் லண்டனில் ஆட்கள் அப்போதுதான் கட்டிலில் புரண்டு படுக்கிற நேரம். அவர்கள் எழும்பி, முகம் கழுவி, கோப்பி குடித்து, போனை எடுக்கும்வரைக்கும் எங்கள் ஆட்கள் ஆவி போன சோற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தங்கள் அப்பாவின் பசி ஆற என்று இன்னொருவருடைய அப்பாக்களைப் பட்டினி போடுகிறார்கள். இதைச் சொன்னால் நான் வாய்க்காரி.

எங்கள் நிர்வாகி ஓய்வுபெற்ற கிளாக்கர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். இரவில் யாருக்காவது மூச்சு முட்டினால் கட்டின சாறத்தோடு ஓடி வருவார். ஆனால் போனில் லண்டன் என்று கேட்டால் இருந்த கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் கதைப்பார்.

இனி றைவர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர், ஊர் கரவெட்டி. மனைவி இல்லை. ஒரே மகன் லண்டனில். விசா அலுவல் சரிவரும்வரை கொஞ்ச நாள் இருங்கள் என்று மகன் கொண்டுவந்து விட்ட இடம் இது. கொஞ்ச நாள் என்பது மூன்று ஆடிப்பிறப்பைத் தாண்டிவிட்டது. மகன் போன் எடுப்பது உண்மையாகவே ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால்தான். றைவர் ஐயா அதைக் குறையாகச் சொன்னதில்லை. அவருக்கு இருந்த ஒரே வருத்தம் நேரம். மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். சாப்பாட்டு மணி பிந்தினால் விறாந்தையில் நின்று அதைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பிந்துவதில்லை.

போன வருடத்துக்கு முந்தின ஆடிப்பிறப்பன்று அவர் பலாவிலையில் கூழைக் குடித்துக்கொண்டே என்னிடம் ஒரு புதினம் சொன்னார். வருகிற ஆடி அமாவாசைக்கு மத்தியானச் சாப்பாடு தன்னுடைய மகன் பொறுப்பாம். நிர்வாகி சொன்னாராம். சொல்லிவிட்டுக் கூழை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகனுக்குத் தகப்பன் உயிரோடு இருக்கையில் ஆடி அமாவாசை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே மறுமொழி வைத்திருந்தார்.

"என்ரை ஐயாவுக்குச் செய்யிறான் பிள்ளை. அவனைத் தோளிலை தூக்கித் திரிஞ்ச மனுசன். மறக்கேல்லை, பாத்தியோ."

அடுத்த நாளே பெட்டியைக் கிளறித் தன் தகப்பனுடைய படத்தை எடுத்தார். ஸ்ரூடியோவில் பிடித்த சின்னப் படம், ஓரமெல்லாம் மஞ்சள் பிடித்தது. பனருக்குத் தேவைப்படும் என்று நிர்வாகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நிர்வாகி அதை வாங்கிச் சேட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். வாங்கும்போதே அவருக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த வாய் திறவாமைக்கு நான் இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை.

அமாவாசையன்று விடியவே நான் அடுப்பு மூட்டினேன். அந்த ஒரு நாளுக்கென்றே சந்தைக்கு வருகிற காத்தோட்டிக்காயை முதல் நாளே வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டிருந்தேன். முள்ளுப் பற்றையில் காய்க்கிற காய். நாக்கில் வைத்தால் கசப்பு உச்சியில் ஏறும். வேறு எந்த நாளும் ஒருவரும் அதைத் தேட மாட்டார்கள். அன்றைக்கு அது இலையில் இல்லாவிட்டால் விரதமில்லை. எங்கள் வீட்டில் தகப்பன் இருக்கிற பிள்ளைகளுக்கு அதைப் போட மாட்டார்கள். என் அப்பா செத்த வருடம் முதன்முதலாக அது என் இலைக்கு வந்தபோதுதான் அவர் இனி வர மாட்டார் என்பது எனக்கு விளங்கியது.

பத்து மணியளவில் பனர் வந்தது. நிர்வாகி கட்ட, நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். நடுவில் இருந்த முகம் றைவர் ஐயாவின் தகப்பன் இல்லை. தடித்த மீசை, கழுத்தில் சங்கிலி, வல்வெட்டித்துறையில் கடை வைத்திருந்த மனிதர். மகனுடைய மாமனார். அதற்கு முந்தின வருடம் செத்தவர். கீழே மகள் பெயர், மருமகன் என்று றைவர் ஐயாவுடைய மகனின் பெயர், பேரப்பிள்ளையின் பெயர்.

மாமனுக்குச் செய்வது பிழையென்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சகோதரர் இல்லை என்று பிறகு அறிந்தேன். தகப்பனை இழந்த பிள்ளை, அவளுக்கு ஆசையிருக்கும். செய்யட்டும். ஆனால் அதற்கு யாழ்ப்பாணத்தில் வேறு இல்லமே இல்லையா? இங்கே செய்தால் அப்பாவும் சாப்பிடுவார் என்று மகன் சொன்னாராம். அதை நிர்வாகி எனக்கு நியாயமாகச் சொன்னார். இதைக் கிழவருக்கு முதலே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன். மகன் சொல்லுவார் என்று நினைத்தேன் என்றார். மகன் நிர்வாகி சொல்லுவார் என்று நினைத்திருப்பார்.

றைவர் ஐயா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, எல்லாருக்கும் முதல் வந்து முன் வரிசையில் இருந்தார். பனரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், எங்கடை சம்பந்தி, நல்ல மனுசன் என்று சொன்னார். எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு இலைகள் நிறைந்தன. கோல் வரவில்லை. நிர்வாகி எடுத்துப் பார்த்தார், அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. சோளகம் விளக்கை அணைக்க, நிர்வாகி கொளுத்த, மறுபடி அணைக்க, இப்படியே போனது. ஒரு அம்மா இலைமேல் தலை சரிய இருந்தார். நான் சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கினேன். எல்லாரும் சாப்பிடட்டும், படத்தைப் பிறகு எடுக்கலாம் என்று நிர்வாகியிடம் இரண்டு தரம் சொன்னேன். வெறும் இலையைப் படம் எடுத்து என்ன செய்கிறது என்று கேட்டார். றைவர் ஐயா கையைத் திருப்பி மணி பார்த்தார். பசியால் பார்க்கவில்லை. மகன் வருகிற நேரத்தைப் பார்த்தார்.

ஒன்றரைக்குக் கோல் வந்தது. மகன் கோட்டும் சூட்டுமாய் வேலைக்கு வெளிக்கிட்ட கோலம். பின்னால் மனைவி, கையில் பிள்ளை. நிர்வாகி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கறியையும் காட்டினார், பிறகு வரிசையைக் காட்டினார், பிறகு பனரைக் காட்டினார். மகனுடைய மனைவி தகப்பனுடைய படத்தைக் கண்டதும் அழத் தொடங்கினாள். அந்த நேரம் றைவர் ஐயா முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார். போனுக்கு முன்னால் வந்து நின்று, "தம்பி" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் கூப்பிட்டார்.

"அப்பா, இருங்கோ, இருங்கோ. படத்தை மறைக்கிறியள்."

அந்தக் குரலில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. இருந்திருந்தாலாவது பரவாயில்லை. பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளை விலகச் சொல்லுகிற குரல். றைவர் ஐயா உடனே விலகினார். விலகித் தன் இலைக்குத் திரும்பிப் போனார். பனர் முழுதாகத் தெரிந்தது, படம் எடுத்தாயிற்று. ரெயினுக்கு நேரமாகிறது, பிறகு எடுக்கிறேன் என்று மகன் சொன்னார். போன் அணைந்தது.

நான் குசினியிலிருந்து நடுவுக்கு வந்து கத்தினேன். எதிரில் போனில்லை, லண்டனில்லை, பாவம் நிர்வாகிதான் நின்றார். என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகமில்லை. செத்தவனுக்கு விளக்கு, இருக்கிறவனுக்கு இருட்டோ என்று கேட்டது ஞாபகம். றைவர் ஐயாதான் என்னைப் பார்த்து, சனம் பசியோடை இருக்குது பிள்ளை, சாப்பிட விடு என்றார். பிறகு நிர்வாகியிடம் கையை நீட்டித் தன் தகப்பனுடைய படத்தைக் கேட்டு வாங்கினார். அதைத் தண்ணீர்ப் பேணியில் சாத்தி இலைக்கு முன்னால் வைத்தார். ஒரு பிடி சோற்றில் காத்தோட்டிக்காய்த் துண்டு ஒன்று வைத்து ஓரமாக ஒதுக்கினார். மீதியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தன்னுடைய தகப்பனுக்குத் தானே ஆடி அமாவாசை செய்தார். அதற்கு ஒருவரும் படம் எடுக்கவில்லை.

கை கழுவிவிட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, வாற ஆடிக்கோ அடுத்த ஆடிக்கோ என்ரை படமும் உதிலை தொங்கும். அவன் செய்வான், செய்யாமல் விடான். அண்டைக்குச் சனத்துக்கு நேரத்துக்குச் சாப்பாட்டைக் குடு. லண்டன் எழும்பட்டும் எண்டு இருத்தி வைக்காதை."

நான் ஓம் என்றேன். உப்படிக் கதைக்காதையுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது ஓம்தான்.

அன்றிரவு அந்தப் படம் முகநூலில் வந்ததை நிர்வாகி எனக்குக் காட்டினார். பனர் பளிச்சென்று இருந்தது. முன் வரிசையில் றைவர் ஐயாவின் இடம் காலி. அவர் விலகி, இன்னும் தன் இலையில் வந்து இருக்காத அந்த இடைவெளியில் எடுத்திருக்கிறார்கள். கீழே கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள், இப்படியொரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உழுந்து ஊறப்போடப் போனேன்.

மாசியில் றைவர் ஐயா காய்ச்சலில் படுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை. மகனுக்கு உடனே வெளிக்கிட முடியவில்லையாம், செத்தவீட்டை நேரலையில் பார்த்தார். கொள்ளி வைத்தது கரவெட்டியிலிருந்து வந்த, மகன் முறையான ஒரு பெறாமகன். பெட்டியை மூடும்போது நான் அந்தச் சின்னப் படத்தை அவருடைய சேட் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

போன ஆடியில் மறுபடி பனர் வந்தது. இந்தத் தடவை அவருடைய முகம். எந்தக் காலத்திலோ எடுத்த படம், கறுத்த தலைமயிர், சிரிப்பு. எங்கள் இல்லத்துக்கு அந்தச் சிரிப்பை அவர் ஒரே ஒரு தடவைதான் கொண்டுவந்தார். இனி மகனுக்கும் முறைப்படி ஆடி அமாவாசை உண்டு, காத்தோட்டிக்காய் உண்டு. நானும் குறை வைக்காமல் சமைத்தேன். அவருக்கென்று தேங்காய்ச் சொட்டு அதிகம் போட்டுப் பாயசமும் காய்ச்சினேன்.

பன்னிரண்டு மணி அடித்தது. இலைகள் நிறைந்திருந்தன. நிர்வாகி போனைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பொறு என்று கை காட்டினார். நான் பொறுக்கவில்லை. சாப்பிடுங்கோ என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் அகப்பையோடு நடுவில் நின்றேன். அவருக்கும் முந்தின ஆடி ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு விளக்கடியில் போய் இருந்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள். சோறு சூடாக இருந்தது.

கோல் வரும்போது ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி போனை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார். திரையில் மகன். வேட்டி, விபூதி, கண் சிவந்து வீங்கியிருந்தது. உண்மையாகவே அழுதிருக்கிறார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். நான் போனைத் திருப்பி வெறும் இலைகளைக் காட்டினேன்.

எல்லாரும் சாப்பிட்டாச்சோ, ஒரு படம்கூட எடுக்காமலோ என்று கேட்டார். நாங்கள் எழும்பும்வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்றார்.

"பொறுக்க வேண்டாம் எண்டு உங்கடை அப்பாதான் சொன்னவர்."

"அப்பாவோ? எப்ப சொன்னவர்?"

"நீங்கள் அவரைப் பாத்துப் படத்தை மறைக்கிறியள் எண்டு சொன்ன அண்டைக்கு."

நான் கோலை அறுக்காமல் போனைப் பனருக்கு எதிரே, விளக்குத் தட்டில் சாத்தி வைத்தேன். இடையில் மறைக்க ஒருவரும் இல்லை, ஆற அமரப் பார்க்கட்டும். பிறகு இலைகளை எடுக்கப் போனேன்.